அடியெடுத்துக் கொடுத்தல்

பெரியபுராணம் பாட உட்கார்ந்த சேக்கிழாருக்குத் தில்லை நடராசரே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பது மரபு. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரருக்கும் அப்படித்தான். கச்சியப்பருக்கும் அருணகிரிக்கும் முருகன் அடியெடுத்துக் கொடுத்தான் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எழுத உட்காருகிறவனுக்கு முதற்சொல்தான் எமன் என்பது மட்டும் இக்கதைகளைக் கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நடராசர் கொடுத்தது ஒரே ஒரு சொல் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மிச்சமிருந்த 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேக்கிழார்தான் பாட வேண்டியிருந்தது.

கதையைப் படிக்கச் சொல்லி, "என்ன தோன்றியதோ எழுது" என்றால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இன்று ஆசிரியர்கள் செய்வதும் இதே வேலைதான். "இந்தப் பாத்திரத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது…", "எனக்குப் புரியாமல் போன இடம்…", "கதாசிரியர் இப்படி முடித்ததற்குக் காரணம்…" என்று பாதி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். மீதியைப் பிள்ளை எழுத வேண்டும். ஆங்கில வகுப்புகளில் இதற்குச் 'சென்டன்ஸ் ஸ்டார்ட்டர்' என்று பெயர். இங்கே தொடக்கத்தொடர் என்று வைத்துக்கொள்கிறேன். இது நல்லதா கெட்டதா என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளமாகச் சண்டை போட்டாகிவிட்டது. தமிழ் வகுப்பறைக்குள் வரும்போது இந்த முறைக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

முறைக்குப் பின்னால் இருக்கும் கொள்கை எளிமையானது. 1976-இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 3, 4, 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர், குழந்தை தடுமாறும் இடத்தில் உதவியைக் கூட்டுகிறார், தேறிவிட்டால் குறைக்கிறார். இந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கொத்தனார் கட்டும் அதே சாரம்தான். 1990-களில் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் மொரீன் லூயிஸும் டேவிட் ரேயும் இதை எழுத்துப் பயிற்சிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பத்திக்கும் தொடக்கத்தொடர் கொடுக்கும் 'எழுத்துச் சட்டகங்களை' உருவாக்கினார்கள். அவர்கள் சொன்ன வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் பிள்ளைகள் கண்ணெதிரே யோசித்து யோசித்து எழுதிக் காட்டுவார். அடுத்து எல்லாரும் சேர்ந்து எழுதுவார்கள். அதற்குப் பிறகே சட்டகம். கடைசியில் சட்டகமும் இல்லாமல் தனியாக. நடைமுறையில் முதல் இரண்டு படிகளும் கடைசிப் படியும் காணாமல் போய், மூன்றாம் படி மட்டும் ஜெராக்ஸ் தாளாகக் கைக்கு வருகிறது. குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஜெராக்ஸ் தாளைத்தான் குறை சொல்கிறார்கள்.

முறையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வெற்றுத் தாளின் பயத்தைப் போக்குகிறது என்பது எல்லாரும் சொல்வது, உண்மையும்கூட. தமிழில் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. நம் பிள்ளை ஒரு தமிழில் யோசித்து இன்னொரு தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. "அவரு மொதல்ல கண்டுக்கவே இல்ல, அப்பறம் மனசு மாறிட்டாரு" என்று ஒரு கதையின் கதைசொல்லியைப் பற்றிப் பெஞ்சில் பக்கத்துப் பையனிடம் ஒரு பெண் சொல்வது அருமையான வாசிப்பு. அதையே நோட்டில் எழுது என்றால், சொன்ன விஷயம் அப்படியே ஆவியாகி, "இக்கதை மிகவும் அருமையாக இருந்தது" என்ற வரி மட்டும் வரும். எழுத்து நடையின் வாசலில் அவள் நின்றுவிடுகிறாள். "தொடக்கத்தில் …ஆக இருந்த கதைசொல்லி, …-ஐக் கண்ட பிறகு …" என்ற சட்டகம் அவளுக்குக் கொடுப்பது கருத்தை அல்ல, நடையை. கருத்து ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது.

வீட்டில் வாரப் பத்திரிகையும் நாவலும் கிடக்கும் பிள்ளைக்கு இந்த நடை காதிலேயே ஏறியிருக்கும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1988-இல் எழுப்பிய கேள்வி இதுதான். அதிகாரத்தின் மொழிக்கு விதிகள் உண்டு. அந்த விதிகளைச் சொல்லாமல் மறைத்து, "உன் சொந்தக் குரலில் எழுது" என்று விட்டுவிடுவது, ஏற்கெனவே விதி தெரிந்தவர்களுக்கே சாதகமாகும் என்றார் அவர். தொடக்கத்தொடரைக் கேலி செய்யும் முற்போக்கு ஆசிரியர்கள் இதற்கு இன்றுவரை நேரான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி கோளாறு. தொடக்கத்தொடர் என்பது வெறும் காலி இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது என்ன யோசிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. தமிழ் வகுப்பறையில் அதிகம் புழங்கும் தொடக்கத்தொடர் எது என்று பார்த்தால், "இக்கதையிலிருந்து நான் கற்றுக்கொண்ட நீதி…" என்பதாகத்தான் இருக்கும். 10-ஆம் வகுப்புப் பாடநூலில் கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' இருக்கிறது. நோயாளியாக வந்து அண்டை வீட்டில் தங்கும் குப்புசாமியைக் கதைசொல்லிக்கு முதலில் பார்க்கவே பிடிப்பதில்லை. பிறகு வீரப்பன் என்ற ஏழை நண்பனிடமிருந்து ஒரு கடிதமும் கொஞ்சம் பணமும் வருகின்றன. கதைசொல்லியின் மனம் கலங்குகிறது. இந்தக் கதைக்கு நீதித் தொடக்கத்தைக் கொடுத்தால் வகுப்பு முழுக்க ஒரே வரிதான் வரும்: "துன்பப்படுவோருக்கு உதவ வேண்டும்." தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் கதையைப் படிக்காமலே எழுதிவிடலாம். தன்னைப் பற்றிக் கொஞ்சமும் நல்லபடியாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு மனிதர் கதை சொல்கிறார் என்ற விசித்திரம் அந்த வரிக்குள் எங்குமே நுழையாது.

அதே கதைக்கு வேறொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம்: "கதைசொல்லியின் மனமாற்றத்தை என்னால் நம்ப முடியவில்லை, ஏனென்றால்…" இப்போது கதையைத் திரும்பப் புரட்டாமல் எழுத முடியாது. "நம்ப முடிகிறது" என்று மாற்றி எழுத அனுமதி கேட்கும் பிள்ளைதான் அந்த வகுப்பில் கதையை உண்மையாகப் படித்த பிள்ளை. வாசகனுக்கும் பிரதிக்கும் இடையே நடப்பதுதான் இலக்கியம் என்று லூயிஸ் ரோசன்பிளாட் 1938-லேயே வாதிட்டார். அவரைப் பின்பற்றி வந்த வகுப்பறைகளிலேயே "எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம்…" என்ற தொடக்கம் வேரூன்றியது வேடிக்கை. எதுவுமே பிடிக்காத வாசகன் அங்கே என்ன செய்வான்?

ஆக, எந்தத் தொடர் பிள்ளையை ஒரு முடிவெடுக்க வைக்கிறதோ அது பயன்படும். முடிவை ஆசிரியரே எடுத்துவிட்டு இடத்தை மட்டும் காலியாக விட்டால் அது கோடிட்ட இடம் நிரப்புதல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஜெரால்ட் கிராஃபும் கேத்தி பிர்கன்ஸ்டைனும் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்கென்று வெளியிட்ட வார்ப்புருக்கள் புகழ்பெற்றதற்கு இதுதான் காரணம். 'மற்றவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நான் இப்படிச் சொல்கிறேன்' என்ற அமைப்புக்குள் எதிராளியின் வாதத்தை நியாயமாகச் சொல்லாமல் தன் வாதத்தைத் தொடங்கவே முடியாது. அந்தக் கட்டாயம்தான் பயிற்சி.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. என் பார்வையில் அதுவே பெரியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள நியூ டார்ப் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி 2012-இல் 'தி அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஸ்டெய்ன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலைப் படித்த மாணவர்களிடம் 'ஆல்தோ ஜார்ஜ்…' என்று தொடங்கி முடிக்கச் சொன்னார் ஆசிரியர். ஜார்ஜ் கடுமையாக உழைத்தாலும் கனவு கைகூடவில்லை என்பதுபோல ஒன்றை எதிர்பார்த்தார். பலர் ஜார்ஜும் லென்னியும் நண்பர்களாக இருந்தாலும் என்ற அளவில் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். 'ஆல்தோ' என்ற சொல் வாக்கியத்தை இரண்டாக முறிக்கிறது என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதன்பின் ஜூடித் ஹாக்மனின் முறையைக் கையில் எடுத்து, 'ஏனென்றால்', 'ஆனால்', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்களைக் கொண்டு வாக்கியம் வாக்கியமாக அந்தப் பள்ளி எழுதப் பழக்கியது.

இந்தத் தவறைத் தமிழ்ப் பிள்ளை செய்வது கடினம். "நண்பர்களாக இருந்தாலும்" என்று நிறுத்தினால் காதே இடித்துச் சொல்லிவிடும், வாக்கியம் முடியவில்லை என்று. ஆங்கிலத்தில் முறிக்கும் சொல் முன்னால் வருகிறது. பின்னால் வருவதை எழுதுவதற்குள் மறந்துபோகிறது. தமிழில் அந்த வேலையை வினையின் கடைசியில் ஒட்டும் '-ஆலும்' செய்கிறது. இது மட்டுமில்லை. ஒன்றை உறுதியாகச் சொல்கிறோமா, ஐயத்தோடு சொல்கிறோமா, பிறர் சொன்னதாகச் சொல்கிறோமா என்பதெல்லாம் தமிழில் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. '…என்றே படுகிறது', '…போலிருக்கிறது', '…என்று சொல்லிவிட முடியாது', '…என்பதற்கு இடமிருக்கிறது'. விமர்சன எழுத்தின் நுணுக்கம் முழுவதும் இந்த வால்களில் இருக்க, நாம் ஆங்கிலத்தைப் பார்த்துத் தலைகளை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விளைவு என்ன? "நான் நினைப்பது என்னவென்றால்…" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், "நான் நினைப்பது என்னவென்றால் வீரப்பன் நல்லவர் என்று நினைக்கிறேன்" என்று நோட்டில் வரும். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு 'நினை'யை அடிப்பார். உண்மையில் பிள்ளையின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கொடுத்த தலை தமிழுக்கு ஒட்டாததால், இருக்க வேண்டிய இடத்தில் வினையைத் தானாகவே கொண்டுபோய் வைத்திருக்கிறது. அடிக்க வேண்டியது முதல் 'நினை'யை.

தமிழில் தொடக்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 'ஒருவேளை', 'ஒருபுறம்', 'முதல் வாசிப்பில்' என்று தலைப்பக்கம் நின்று வேலை செய்யும் சொற்களும் உண்டு. ஆனால் வால்களைக் கொடுத்துப் பழக்குவது நமக்குப் புதிதுமல்ல. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது பழைய புலவர் சபைகளின் விளையாட்டு. எட்டயபுரத்தில் சிறுவனாக இருந்த பாரதியை மட்டம் தட்ட ஒருவர் ஈற்றடி கொடுத்தார் என்றும், அதே எழுத்துகளை வேறிடத்தில் பிரித்து, ஈற்றடி கொடுத்தவர் தலையிலேயே பாரதி திருப்பிக் கட்டினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. முடிவைக் கையில் கொடுத்துவிட்டால் சுதந்திரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அந்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். "பணத்தைவிடக் கடிதம்தான் அவரை மாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது" என்ற வாக்கியத்தின் கடைசி மூன்று சொற்களை மட்டும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால், முன்னால் வர வேண்டிய அத்தனையையும் அவள்தான் கதையிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும்.

சாரம் பிரிக்காத கட்டடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். நம் மேல்நிலை வகுப்பின் 'நயம் பாராட்டுக' வினாவைப் பார்த்தால் போதும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கைடுகளில் ஆயத்தமான தொடக்கம் உண்டு. "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை" என்று எழுதிவிட்டு, முதலெழுத்து ஒன்றும் இரண்டு சொற்களைப் பாட்டிலிருந்து பொறுக்கிப் போட்டால் மதிப்பெண். மோனை அந்தப் பாட்டில் என்ன செய்கிறது, எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு சேர்த்துக் கேட்க வைக்கிறது என்ற கேள்விக்கு இடமே இல்லை. சோகப் பாட்டுக்கும் அதே யானைதான், தாலாட்டுக்கும் அதே யானைதான். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற 10-ஆம் வகுப்பு வினாவுக்கும் எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரிகள் கையேடுகளில் சுற்றி வருகின்றன. படத்தைப் பார்க்காமலே கவினுற எழுதிவிடலாம்.

இதற்கு ஆசிரியர்களைத் திட்டுவது எளிது, ஆனால் நியாயம் இல்லை. மார்ச் மாதத் தேர்வுக்கு முன்னால், மெல்லக் கற்போர் என்று தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளை எப்படியாவது தேர்ச்சி பெற வைக்க வேண்டிய ஆசிரியரின் கையில் இருப்பது இந்த வரிகள்தான். கோளாறு விடைக்குறிப்பில் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால் மதிப்பெண் என்னும் இடத்தில் சாரத்துக்கே கூலி கிடைக்கிறது. அதைப் பிரிக்க யாருக்கு மனம் வரும்? பிரிப்பது யார் பொறுப்பு என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. 6-ஆம் வகுப்பில் கட்டியதை 9-ஆம் வகுப்பு ஆசிரியர் மறுபடி கட்டுகிறார், 12-இல் இன்னொருவர் வர்ணம் அடிக்கிறார்.

ஒரே ஒரு வினாவை மாற்றிப் பார்க்கலாம். அழகிரிசாமியின் கதையைக் குறிப்பிட்டு இரண்டு வாக்கியங்களைக் கொடுக்கட்டும்: 'கடிதம் வந்திராவிட்டால் கதைசொல்லி மாறியிருக்க மாட்டார்.' 'கடிதம் வராவிட்டாலும் என்றோ ஒருநாள் மாறியிருப்பார்.' ஏதேனும் ஒன்றில் முடியும்படி ஒரு பத்தி எழுதுக. இரண்டு பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே போட்டுவிட வேண்டும். கதையிலிருந்து எடுத்த சான்று இல்லாத பத்திக்கு மட்டும் கிடையாது. அடுத்த ஜூனுக்குள் இதற்கும் கைடு வந்துவிடும் என்பது தெரிந்ததுதான். அந்த மார்ச்சுக்கு வேறு கதை, வேறு வாக்கியங்கள்.