கிளென் கூல்டின் இரு ஒலிப்பதிவுகள்

அவையை நீத்தல் இசைக் கலைஞனுக்கு ஆக்கமோ, கேடோ என்னும் வினா, கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்டின் வாழ்வை ஆராய்வார்க்கு எழாதிராது. 1932இல் ரொறன்ரோவிற் பிறந்த அவர், 1957இல் சோவியத் நாட்டில் வாசித்துப் பெரும்புகழ் எய்தினார். ஆயினும் 1964 ஏப்பிரலில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாசித்தபின் கச்சேரி மேடையில் அவர் மீண்டும் தோன்றினாரல்லர். அப்போது அவருக்கு வயது 31.

அச்சத்தால் ஒதுங்கினார் என்பாரும், செருக்கால் ஒதுங்கினார் என்பாரும் உளர். மேடை கலைஞனை வித்தைகாட்டுவோனாக்குகிறது. ஒலிப்பதிவுக்கூடமோ திருத்தத்துக்கும் மறுசிந்தனைக்கும் இடந்தருகிறது என்பது அவர் கொள்கை. அதனை அவர்தம் வாசிப்பைக் கொண்டே அளத்தல் தகும்.

பாக் இயற்றி 1741இல் அச்சேறிய ‘கோல்ட்பேர்க் வேற்றுருக்க’ளைக் கூல்ட் 1955இலும் 1981இலும் நியூயோர்க்கில் ஒரே கூடத்திற் பதிந்தார். தொடக்கத்தில் ஓர் இசைப்பாட்டு; அதன் மேல்மெட்டையன்றிக் கீழ்க்குரலின் ஓட்டத்தையே அடித்தளமாகக் கொண்ட 30 வேற்றுருக்கள்; ஈற்றில் அப்பாட்டே மீள ஒலிக்கும். முதற்பதிவு ஏறத்தாழ 38 நிமிடம், பின்னது 51. சில பகுதிகளை மீட்டு வாசித்தமையும் இதற்கு ஒரு காரணமே. எனினும், முன்பு இரு நிமிடத்துக்குள் முடிந்த தொடக்கப்பாட்டு, பின்னர் மூன்று நிமிடத்தையுங் கடந்தது.

முதற்பதிவிலே ஒவ்வொரு வேற்றுருவும் தனித்தனியே சுடர்விட்டு மறைகிறது. இரண்டாவதிலோ ஒன்றன் நடை அடுத்ததன் நடைக்கு அளவாய் நிற்க, ஒரே நாடித்துடிப்பு முழுவதையும் பிணைக்கிறது. பல நெகிழ்ந்து விரிந்தவிடத்தும், துயரந் தோய்ந்த 25ஆவது முன்னையினும் சற்றே விரைவாகச் செல்கின்றது. இளமையில் அதிற் பெய்த உணர்ச்சி மிகையென்று பிற்காலக் கூல்ட் கருதினார். அக்கணிப்புச் சரியானதே, அடக்கத்தால் அத்துயரம் ஆழ்ந்திருக்கிறது.

ஆனால், இம்முதிர்ச்சி மேடையைத் துறந்ததனாலேயே வந்ததெனல் மிகை. இருபத்தாறு ஆண்டுகள் எவரையும் மாற்றும். 89 வயதுவரை அவைமுன் வாசித்த ரூபின்ஸ்ரைனும் முதிர்ந்தவரே. அன்றியும், சிந்தனை மிக்க சிலவிடங்களிற் பழைய துள்ளல் குன்றியது. முதற்பதிவையே விரும்புவார் தவறுடையரல்லர். கூடம் கூல்டுக்கு ஈந்த தனிப்பேறு வேறு: இளமையில் தாம் வாசித்ததைத் தாமே எதிரில் வைத்துக் கேட்டு, அதற்கு மறுமொழி கூறும் வாய்ப்பு.

அம்மறுமொழி 1982இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் தேதி, ஐம்பதாம் வயதில் அவர் காலமானார். வாசிக்குங்கால் தம்மையறியாது முணுமுணுக்கும் அவர் குரல் இரு பதிவுகளிலும் கேட்கின்றது. கூடத்தின் திருத்தம் எதுவும் அதனை அகற்றவில்லை.