தாண்டல் தொடங்குவது திருப்பத்தில்

2024 ஆகஸ்ட் 6. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அமைத்த மைதானத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கின் தனிநபர் ஷோ ஜம்பிங் இறுதிப் போட்டி. ஒரு கம்புகூட விழாமல் முதல் சுற்றை முடித்தவர்கள் மூன்றே பேர்: ஜெர்மனியின் கிறிஸ்டியான் குகுக், சுவிட்சர்லாந்தின் ஸ்டீவ் கெர்தா, நெதர்லாந்தின் மைக்கேல் வான் டெர் ஃப்ளூட்டன். பதக்கத்தைப் பிரிக்கும் ஜம்ப் ஆஃபில் குகுக்கின் சாம்பல் வெள்ளைக் குதிரை செக்கர் 47 மட்டும் சுத்தமாக வந்தது. மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு கம்பு விழுந்து நான்கு தண்டப் புள்ளிகள். நேரத்தில் குகுக்குக்கும் கெர்தாவுக்கும் நூலிழை வித்தியாசம்தான். தங்கம் யாருக்கு என்பதைத் தீர்மானித்தது அந்த ஒரு கம்பு.

கம்பு விழும் காட்சியைத் தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். குளம்பு உரசும், கம்பு அதைத் தாங்கும் கிண்ணத்தில் ஆடும், விழும். அந்த இடத்தில் பிழையைத் தேடிப் பயனில்லை. அதைவிட இருபது மீட்டர் முன்னால், திருப்பத்திலிருந்து குதிரை நிமிர்ந்து வெளியே வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே குதிரையின் கேன்டர் ஓட்டம் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. ஒலிம்பிக் தரத்தில் தடைகள் 1.65 மீட்டர் வரை உயரும். ஒரு சுற்றுப் பாதை சுமார் அரைக் கிலோமீட்டர். நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால் 75 விநாடி. அதில் பதினைந்து தாண்டல்கள் இருந்தாலும், ஒவ்வொரு தாண்டலிலும் குதிரை காற்றில் இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. மீதமுள்ள ஒரு நிமிடத்துக்கும் மேலான நேரம் முழுவதும் கேன்டர்தான். ஆனால் சவாரிப் பள்ளிகளில் மாணவர்கள் கேட்பது ‘இன்றைக்கு எவ்வளவு உயரம்?’ என்பதைத்தான். எனக்கு இது பெரிய வருத்தம். அந்த ஒரு நிமிடம் சரியாக இருந்தால், பதினைந்து தாண்டல்களைப் பெரும்பாலும் குதிரையே பார்த்துக்கொள்ளும்.

கேன்டர் மூன்று ஒலிகள் கொண்ட நடை. இடது லீடில், அதாவது இடது முன்னங்காலை முன்னால் நீட்டி, போகும் குதிரை வலது பின்னங்காலை முதலில் ஊன்றும். அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து விழும். கடைசியாக இடது முன்னங்கால். பிறகு நான்கு கால்களும் தரையை விட்டு எழும் ஒரு கணம். மிருதங்கக்காரர் காதுக்கு அது ‘தகிட’ என்று ஒலித்து ஒரு மௌனம் விட்டது போலிருக்கும். குதிரை சோம்பிப்போனாலோ, பின்கால்களுக்கு வேலை கொடுக்காமல் சவாரிக்காரர் கடிவாளத்தை மட்டும் இழுத்து வேகத்தைக் குறைத்தாலோ, நடுவில் சேர்ந்து விழ வேண்டிய ஜோடி பிரிந்துவிடும். மூன்று ஒலி நான்காகும். மைதானத்துக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட இது காதில் விழும். இன்னொன்றும் கேட்கும்: கேன்டரில் குதிரை ஒரு ஸ்ட்ரைடுக்கு, அதாவது நான்கு கால்களின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஒரு மூச்சு விடுகிறது. நடை குலைந்தால் மூச்சின் சீரும் குலையும்.

நல்ல கேன்டரை வேகமான கேன்டர் என்று நினைப்பவர்கள் அதிகம். பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். ஷோ ஜம்பிங்கில் தேவைப்படும் நிமிடத்துக்கு 400 மீட்டர் என்பது மணிக்கு 24 கிலோமீட்டர்தான். தாண்டலுக்கு வேண்டியது விசை. பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் ஆழமாக வந்து ஊன்ற வேண்டும், தோள்பட்டை எழ வேண்டும், கழுத்து முன்னால் மேலேற வேண்டும். வேகம் மட்டும் கூடினால் குதிரை நீண்டு தட்டையாகி, எடை முழுவதையும் முன்னங்கால்களில் போட்டுக்கொண்டு வரும். அப்படி வரும் குதிரைக்குத் தடைக்கு முன்னால் எழ நேரம் கிடைக்காது. எழுந்தாலும் முதுகு வளையாமல் பலகை மாதிரி போகும். கம்பைத் தட்டவைப்பது பெரும்பாலும் அந்தப் பலகை முதுகுதான்.

பாதை வடிவமைப்பாளர்கள் இந்தப் பலவீனத்தை நன்றாக அறிவார்கள். கேன்டர் ஸ்ட்ரைடின் நீளத்தை ஏறத்தாழ 3.65 மீட்டர் என்று வைத்துத்தான் அவர்கள் தடைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கிறார்கள். இறங்கும் இடத்துக்கும் எழும் இடத்துக்கும் சேர்த்து இன்னொரு ஸ்ட்ரைடு அளவை ஒதுக்குவார்கள். ஆகவே 22 மீட்டர் என்றால் ஐந்து ஸ்ட்ரைடு. உங்கள் குதிரை ஒவ்வொரு ஸ்ட்ரைடிலும் 20 சென்டிமீட்டர் குறைவாக எடுத்தால் ஐந்தாவதின் முடிவில் ஒரு மீட்டர் பாக்கி நிற்கும். அங்கிருந்து ஒன்று தூரத்திலிருந்து எக்கித் தாண்ட வேண்டும். இல்லை அவசரமாக ஆறாவதைத் திணித்துக் கம்பின் அடியில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் கம்புக்கு ஆபத்து, குதிரையின் நம்பிக்கைக்கு அதைவிட ஆபத்து. இரண்டு முறை இப்படி மாட்டிய குதிரை மூன்றாவது முறை நின்றுவிடும். அதைப் பிடிவாதம் என்பார்கள். அது பயம்.

இதைச் சரிசெய்யும் பாடத்துக்கு உயரமே வேண்டாம். தரையில் இரண்டு கம்புகள், நடுவில் சுமார் 18 மீட்டர், அவ்வளவு போதும். பயிற்சிக் கேன்டரில் ஐந்து ஸ்ட்ரைடு வரும். பயிற்சியாளர் சத்தமாக எண்ணச் சொல்வார். வாய்விட்டு எண்ணும்போதே சவாரிக்காரரின் மூச்சும் தோளும் தளர்ந்துவிடும். பாதிப் பலன் அதிலேயே வந்துவிடுகிறது. பிறகு அதே இடைவெளியில் ஆறு கேட்பார். இங்கேதான் பாடம் சூடு பிடிக்கும். புதியவர் கையை இழுப்பார், குதிரை வாயைத் திறக்கும், தலையைத் தூக்கும், கேன்டர் நான்கு ஒலியாக உடையும், சில நேரம் மெதுவான ட்ராட் நடைக்கே விழுந்துவிடும். ஆறு வந்தாலும் அது ஆறு இல்லை. அனுபவசாலி என்ன செய்கிறார்? கம்பைத் தாண்டிய முதல் ஸ்ட்ரைடிலேயே உட்காருவார். முதுகை நிமிர்த்தி, கால்களால் குதிரையை அணைத்து, வெளிக் கடிவாளத்தை ஒரு கணம் பிடித்து உடனே விடுவார். ஹாஃப் ஹால்ட் என்பது இதுதான். பிடிப்பதைவிட விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. பின்னங்கால்கள் உள்ளே வந்து ஸ்ட்ரைடு உயர்ந்து சுருங்கும்; தாளம் அப்படியே இருக்கும்.

அடுத்து நான்கு. இது இன்னும் கடினம் என்று சொல்வேன். காலை அழுத்தி விரட்டினால் குதிரை ஓடும்; ஓடினால் ஸ்ட்ரைடு விரைவாகுமே தவிர நீளாது. தாளத்தை மாற்றாமல் ஒவ்வொரு ஸ்ட்ரைடும் கூடுதல் தரையை விழுங்க வேண்டும். சுருங்கியபோது பின்னங்காலில் சேர்த்து வைத்த விசையைத்தான் இங்கே செலவு செய்கிறோம். அதனால்தான் நல்ல பயிற்சியாளர் ஆறைச் சரியாக வாங்காமல் நான்கைக் கேட்பதில்லை. ஐந்து, ஆறு, நான்கு, மறுபடி ஐந்து என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓடிவந்த பிறகு முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பைப் போட்டுப் பாருங்கள். அரைமணிக்கு முன் மூக்கை நீட்டிக்கொண்டு பாய்ந்த அதே குதிரை காத்திருந்து, முதுகை வளைத்து, முன்முழங்கால்களை மடக்கி எழும். சவாரிக்காரர் முகத்தில் அப்போது தெரியும் வியப்பைப் பார்ப்பதற்காகவே இத்தகைய பாடங்களை வேலியோரம் நின்று பார்க்கலாம்.

குதிரையின் பார்வையையும் இதில் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் பரந்து தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் குருட்டு இடம் உண்டு. எழும் கணத்தில் தடை அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. முன்பே பார்த்து, அளந்து, நினைவில் வைத்ததை நம்பித்தான் எழுகிறது. கடைசி மூன்று ஸ்ட்ரைடில் கடிவாளத்தை இழுத்தும் விட்டும் தொல்லை கொடுக்கும் கை அந்த அளவையைக் கலைத்துவிடுகிறது. திருப்பத்தில் கேன்டரைத் தயார் செய்துவிட்டு, நேர்க்கோட்டில் கையை அமைதியாக வைத்திருப்பதே குதிரைக்குச் செய்யும் மரியாதை.

நூறு ஆண்டுக்கு முன்பே இதைக் கண்டுகொண்டவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி. அவர் காலத்தில் தடைக்கு மேலே பின்னால் சாய்ந்து கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவதே முறை. குதிரையைப் பழைய பாணிக்கு அடக்குவதை விட்டுவிட்டு, சவாரிக்காரரை முன்னால் வரவழைத்து, கழுத்துக்கும் முதுகுக்கும் விடுதலை கொடுத்தார். 1902இல் டூரினில் 2.08 மீட்டர் உயரத்தைத் தாண்டிக் காட்டினார். 1907இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வெர்சாயில் பார்த்த ஒவ்வொரு தாண்டலிலும் அவர் தந்த இருக்கை முறைதான் இருந்தது.

நம் நாட்டில் இதைக் கவனிக்க நல்ல காரணம் இருக்கிறது. பெங்களூருவின் ஃபவாத் மிர்ஸா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் தனிநபர் வெள்ளி வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் சீன்யோர் மெடிகாட் குதிரையுடன் கடைசி ஜம்பிங் சுற்று வரை போய் 23ஆம் இடம் பிடித்தார். ஒலிம்பிக் ஈவென்டிங்கில் டிரஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி இரண்டும் முடிந்த பிறகுதான் ஜம்பிங் வரும். முந்தைய நாள் மேடுபள்ளங்களில் வேகமாக நீண்டு ஓடிய குதிரையை, மறுநாள் சுருங்கி எழச் சொல்ல வேண்டும். டிரஸ்ஸாஜ் மைதானத்தில் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய கேன்டர் அங்கே சோதனைக்கு வருகிறது. டிரஸ்ஸாஜை அலங்கார நடை என்று ஒதுக்கும் இளம் ஜம்பிங் வீரர்கள் இந்த ஒரு போட்டியையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும். 2023 ஹாங்சோவில் இந்திய அணி டிரஸ்ஸாஜில் தங்கம் வென்றது. அந்த அறிவு ஜம்பிங் லாயங்களுக்கும் வந்து சேர வேண்டும்.

குதிரையின் கால்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தாண்டலின் இறக்கத்திலும் உடல் எடையைவிட அதிகமான சுமையை முன்னங்கால் தசைநார்கள் வாங்குகின்றன. உயரமான தடைகளைத் தினமும் தாண்டவைத்தால் நல்ல குதிரையும் சீக்கிரம் நொண்டும். தரையில் கிடக்கும் கம்புகள் அந்தச் செலவில்லாமல் அதே கணக்கைக் கற்றுத்தருகின்றன. அடுத்த பாடத்தில் கம்பை ஒரு கிண்ணம் மேலே ஏற்றச் சொல்லும் முன், ஆறும் நான்கும் இரண்டு லீடிலும் தாளம் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டால், அந்த வாரம் கம்புகள் தரையிலேயே கிடக்கட்டும்.