கடல் கடந்த மாவட்டங்கள்: உரிமையும் ஆட்சியும்

மார்ட்டினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, ரியூனியன் ஆகிய நான்கு பழைய காலனிகளைப் பிரான்ஸ் 1946 மார்ச் 19-இல் ஒரு சட்டத்தின் மூலம் தன் மாவட்டங்களாக்கிக்கொண்டது. அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் மார்ட்டினிக்கின் கவிஞர் எமே செசேர். அடிமைகளின் வழிவந்தோருக்கும் பாரிஸ்வாசிக்கும் ஒரே உரிமை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதன் பலன் சிறிதல்ல. அம்மக்கள் தேசிய அவைக்கு உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் சலுகையாக அல்ல, உரிமையாகப் பெறுகிறார்கள். பிரிட்டன் தேர்ந்த வழி வேறு. அதன் 14 ஆட்சிப்பகுதிகளில் மக்கள் வாழும் தீவுகள் பலவற்றுக்குச் சொந்தச் சட்டமன்றம் உண்டு. ஆனால் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் இல்லை. டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் 2009-இல் ஊழல் விசாரணையைத் தொடர்ந்து சட்டமன்றத்தை நிறுத்திவைத்த லண்டன், 2012 வரை ஆளுநர் வழியாக ஆண்டது. ஊழலை ஒடுக்கியது சரியென்றே கொள்வோம். அப்படி ஆண்ட அரசைத் தேர்ந்தெடுப்பதில் அத்தீவினருக்கு வாக்கில்லை என்பதுதான் குறை.

ஆனால் வாக்கு மட்டும் போதுமா என்று கேட்டால், பிரெஞ்சுத் தீவுகளின் அனுபவம் போதாது என்கிறது. குறைந்தபட்ச ஊதியம் தாய்நாட்டு அளவை எட்டியது 1996-இல். சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து. வாழைத்தோட்டங்களில் தெளித்த குளோர்டெக்கோன் பூச்சிக்கொல்லியைப் பிரான்ஸ் 1990-இல் தடைசெய்தது. மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் 1993 வரை விதிவிலக்கு அளித்தது. இன்றும் அங்கே மண்ணிலும் நீரிலும் அந்த நஞ்சு இருக்கிறது. விலைவாசியை எதிர்த்து 2009-இல் குவாதலூப் 44 நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஒருங்கிணைப்புக்காக வாதாடிய செசேரே 1958-இல் தனிக்கட்சி தொடங்கித் தன்னாட்சி கேட்டார். சட்டம் ஒன்றாக இருந்தாலும், தீவின் தேவையை அறியாத இடத்தில் முடிவு எடுக்கப்பட்டால் சமத்துவம் தாமதமாகவே கரை சேரும்.

இதற்கு மறுப்பு உண்டு. 2010 ஜனவரியில் கூடுதல் தன்னாட்சி வேண்டுமா என்று கேட்டபோது மார்ட்டினிக்கில் 79 விழுக்காட்டினரும் கயானாவில் 70 விழுக்காட்டினரும் வேண்டாம் என்றார்கள். மக்களே மறுத்ததை நாம் ஏன் வலியுறுத்த வேண்டும்? அந்த வாக்குக்குப் பின்னால் சமூகப் பாதுகாப்பு பறிபோகுமோ என்ற அச்சம் இருந்தது. அதே மாதம் இரண்டு வாரம் கழித்து, மாவட்ட, மண்டல அவைகளை ஒன்றாக இணைக்கும் எளிய மாற்றத்தை அவர்களே ஏற்றார்கள். ஆகவே அவர்கள் மறுத்தது ஆட்சிப் பொறுப்பை அல்ல, உரிமையைப் பணயம் வைப்பதை. பணம் தருபவரே முடிவெடுக்க வேண்டும் என்பது மற்றொரு வாதம். பிரான்சின் பெருநிலப்பரப்பிலும் ஏழை மாவட்டங்கள் பொது நிதியால்தான் நிற்கின்றன. அதைக் காட்டி அவற்றின் உரிமையை யாரும் குறைப்பதில்லை. உள்ளூர் அதிகாரம் தவறே செய்யாது என்றும் சொல்வதற்கில்லை. இறக்குமதிப் பொருள்கள்மீது அத்தீவுகளின் அவைகளே விதிக்கும் கடல் வரியும் விலையை ஏற்றுகிறது. ஆனால் அந்தத் தவற்றுக்குப் பொறுப்பானவரை அடுத்த தேர்தலில் தீவு மக்களே மாற்ற முடியும்.

அச்சம் மக்களின் தெரிவையே அடைத்துவிடும் என்பதற்கு ரியூனியன் தெளிவான சான்று. பிற கடல் கடந்த மாவட்டங்கள் குறிப்பிட்ட துறைகளில் தமக்கேற்ற விதிகளை வகுக்க 2003-இன் அரசியலமைப்புத் திருத்தம் இடம் தந்தது. ரியூனியனுக்கு மட்டும் அது பொருந்தாது என்ற வரியைச் சேர்க்கவைத்தவர் அத்தீவின் அன்றைய மேலவை உறுப்பினரான தமிழ் வம்சாவளியினர் ஜான் போல் விராப்புலே. தன்னாட்சி பிரிவினைக்குப் படிக்கட்டாகும் என்பது அவர் அச்சம். அச்சம் உண்மையானதாக இருக்கலாம். அதற்காக வருங்காலத் தலைமுறையின் தெரிவை அரசியலமைப்பில் பூட்டிவைப்பது முறையல்ல. சம உரிமையை முதலில் உறுதிசெய்ய வேண்டும்; எவ்வளவு ஆட்சிப் பொறுப்பு வேண்டும் என்பதை அதன்பின் மக்கள் அச்சமின்றி முடிவு செய்யட்டும். உரிமையை விலையாகக் கேட்கும் தன்னாட்சியும், பொறுப்பை விலையாகக் கேட்கும் ஒருங்கிணைப்பும் காலனியாட்சியின் மிச்சங்களே.