வாயசைப்பில் அடங்காத ஜாஸ்

இசைக் காணொளிகளின் முன்னோடி என்று சாம் காஸ்லோவுக்கு மகுடம் சூட்டுவது வழக்கமாகிவருகிறது. 1940களில் அவர் பங்குதாரராக இருந்த ஆர்.சி.எம். நிறுவனம் எடுத்த 'சவுண்டீஸ்' குறும்படங்களே இதற்கு ஆதாரம். அவற்றில் ஒன்றான 'ஜாம் செஷன்' (1942), அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2001இல் இடம்பெற்றதையும் சான்றாகக் காட்டுகிறார்கள்.

'காக்டெயில்ஸ் ஃபார் டூ' பாடலை எழுதிய காஸ்லோவின் பாட்டறிவில் குறையில்லை. ஹாலிவுட் கறுப்பினக் கலைஞர்களை ஓரங்கட்டிய நாட்களில், டோரதி டான்ட்ரிட்ஜ் போன்றவர்களை மூன்று நிமிடம் நாயகர்களாக்கியதும் நல்ல காரியம்தான்.

ஆனால் அந்தப் படங்கள் உருவான விதத்தை எப்படி மன்னிப்பது? இசையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, கலைஞர்களை வாயசைக்கவும் வாசிப்பதுபோல் நடிக்கவும் வைத்தார்கள். மெட்டும் சொல்லும் முன்பே முடிவான பாட்டுக்கு இது பொருந்தும். ஜாஸின் உயிரோ அந்தந்தக் கணத்தில் பிறக்கும் மனோதர்மத்தில் இருக்கிறது.

'ஜாம் செஷ'னையே பாருங்கள். டியூக் எலிங்டன் பியானோவில் தொடங்க, ரே நான்ஸ் வயலினோடும் ரெக்ஸ் ஸ்டூவர்ட் கார்னெட்டோடும் வந்து சேர்கிறார்கள். நண்பர்கள் கூடி, தோன்றியதை வாசிக்கிறார்கள் என்பதே காட்சி. அங்கே யாருக்கும் எதுவும் புதிதாகத் தோன்ற வழியில்லை. ஏற்கெனவே வாசித்து முடித்ததற்கு விரல்கள் கணக்குத் தவறாமல் ஒத்துப்போக வேண்டும். கற்பனையின் பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டுக் கற்பனைக்கே கதவடைத்த படம் அது.

தொழில்நுட்பம் அவ்வளவுதான் என்ற சமாதானம் செல்லாது. 1929இலேயே பெஸ்ஸி ஸ்மித் நடித்த 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' குறும்படத்தின் இசை படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாகப் பதிவானது. சவுண்டீஸின் வழி மலிவு, வேகம். அதனால்தான் அது தேர்வானது. கலைஞருக்கு இல்லாத சுதந்திரம் ரசிகருக்கும் இல்லை. சவுண்டீஸைத் திரையிட்ட பனோராம் பெட்டியில் 10 சென்ட் போட்டால், சுருளிலுள்ள எட்டுப் படங்களில் அடுத்தது எதுவோ அதுதான் ஓடும்.

காஸ்லோ இணைந்து தயாரித்த 'ஹெவன்லி மியூசிக்' (1943) ஆஸ்கர் வென்றது. சொர்க்கத்தில் இசை மேதைகள் முன்னே ஒரு ஸ்விங் கலைஞன் தன் தகுதியை நிரூபிப்பதே அதன் கதை. அந்த இசைக்காகக் கதையில் வாதாடியவர், படமாக்கும்போது அதை நம்பவில்லை.

சாம் காஸ்லோவைத் தேர்ந்த பாடலாசிரியர் என்று கொண்டாடுங்கள், கெட்டிக்காரத் தயாரிப்பாளர் என்றும் சொல்லுங்கள். ஜாஸைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.