தலையற்ற குதிரையும் பத்துக் கோடி பிராங்கும்: பால் பெர்னாவின் சிறார் துப்பறியும் புதினத்தில் மதிப்பு என்னும் கருத்து

துப்பறியும் புதினத்தைப் பொழுதுபோக்கு எழுத்து என்று ஒதுக்குவதும், சிறார்க்கான துப்பறியும் புதினத்தை அதனினும் ஒருபடி கீழே வைப்பதும் நம் திறனாய்வில் பழகிப்போன வழக்கங்கள். இவ்வகைப் படைப்பில் மர்மம் எவ்வாறு அவிழ்கிறது என்பதை மட்டுமே நோக்குவதால் விளைந்த மதிப்பீடு இது. மர்மம் யாருக்கு, எதன்பொருட்டு அவிழவேண்டியிருக்கிறது என்று வினவும்போது வேறு விடை கிடைக்கக்கூடும். அதற்குத் தக்க சான்றாக, பிரெஞ்சு எழுத்தாளர் பால் பெர்னா 1955இல் வெளியிட்ட ‘தலையற்ற குதிரை’ என்னும் புதினத்தைக் கொள்ளலாம்.

கதை நிகழும் இடம் பாரிசுக்கு அருகிலுள்ள லூவினி என்னும் கற்பனை ஊர். சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் இருப்புப்பாதை முற்றமும், அதனை அண்டி வாழும் ஏழைக் குடும்பங்களுமே அவ்வூர். இத்தகைய இருப்புப்பாதை முற்றங்கள் பல 1944ஆம் ஆண்டு வேனிலில் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்கு இலக்காயின. போர் முடிந்து பத்தாண்டு கழிந்தும் பிரான்சில் வீட்டுப் பற்றாக்குறை தீரவில்லை. 1954 பிப்ரவரியில் வீடற்றோர்க்காகப் பாதிரியார் அபே பியேர் விடுத்த வேண்டுகோள் நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டில் வெளிவந்த இப்புதினம் போரைக் கதைப்பொருளாக்கவில்லை. ஆயினும் அதன் நிலமும் குளிர்காலப் பொழுதும் போருக்குப் பிந்தையனவே. தொல்காப்பியர் கூறும் முதற்பொருள் இங்கே வெறும் பின்னணியாக நின்றுவிடாமல் கதையை இயக்குகிறது.

கருப்பொருளாக நிற்பது ஒரு பொம்மைக் குதிரை. அதற்குத் தலையில்லை, மூன்று சக்கரங்கள் உண்டு. ஃபெர்னாண்டின் தந்தை பழைய பொருள் வாங்கி விற்பவர் ஒருவரிடம் புகையிலைப் பொட்டலங்களைக் கொடுத்து அதனைப் பெற்றவர். காபியின் தலைமையிலான பத்துச் சிறுவர் சிறுமியர் அதில் முறைவைத்து ஏறி, ‘ஏழைச் சிறார் தெரு’ என்று பொருள்படும் பெயர்கொண்ட சரிவில் பாய்ந்திறங்குகின்றனர். விளையாடத் தக்க பொருள் அவர்களுக்கு அது ஒன்றே. பாரிஸ்–வென்டிமிலியா விரைவு வண்டியில் பத்துக் கோடி பிராங்கைக் கொள்ளையிட்ட கூட்டத்தார் திடீரென அக்குதிரையை விலைக்குக் கேட்கின்றனர். சிறார் மறுக்கவே பறித்துச் செல்கின்றனர். குதிரையின் உள்ளே மறைத்துவைக்கப்பட்ட திறவுகோலே காரணம் என்பது பின்னரே தெரியவருகிறது.

சிறார் தேடத் தொடங்குவது பணத்தை அன்று, குதிரையை என்பது இங்கு நோக்கத்தக்கது. புலனாய்வாளர் சினேயின் வழக்கும் சிறாரின் வழக்கும் ஒரே தடயத்தில் வந்து கூடினாலும் இரண்டும் ஒன்றல்ல. கொள்ளையர்க்குக் குதிரை ஒரு கூடு. காவல்துறைக்கு ஒரு சான்று. சிறார்க்கு மட்டுமே அது குதிரை. ஒரே பொருள் மூவகை மதிப்பைப் பெறும் இம்முரணே புதினத்தின் உரிப்பொருள் என்பது என் கருத்து.

1957இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இம்முரணைத் தலைப்பிலேயே குலைத்துவிட்டது. அதன் பெயர் ‘பத்துக் கோடி பிராங்க்’. மூலத்தின் தலைப்பு சிறாரின் பக்கம் நிற்க, இத்தலைப்பு கொள்ளையரின் பக்கம் போய் நிற்கிறது. அமெரிக்கப் பதிப்பு குதிரைக்கே மீண்டது. பெயர்மாற்றத்தைப் பதிப்பகத்தாரின் வணிக உத்தி என்று தள்ளிவிடலாம். ஆனால் தலைப்பே வாசகரின் முதல் தடயம் அல்லவா? பிரான்சு 1960இல் நூறு பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்காக்கியபோது அப்பத்துக் கோடி பத்து இலட்சமாகச் சுருங்கியதும் நினைக்கத்தக்கது.

இதே காலத்தில் புகழ்பெற்றிருந்த எனிட் பிளைட்டனின் ஐவர் குழுவினர்க்குத் துப்பறிதல் விடுமுறைக் கேளிக்கை. மர்மம் தீர்ந்ததும் அவர்கள் நிறைந்த உணவு மேசைக்குத் திரும்புகின்றனர். லூவினிச் சிறார்க்கு அத்தகைய மேசை இல்லை. குழுவில் ஸ்பானியன் என்றே அழைக்கப்படும் ஹுவான் இருக்கிறான். கறுப்பினச் சிறுவன் கிரிக்கே இருக்கிறான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் ஏதிலியர் 1939இல் பிரான்சுக்குள் திரளாக நுழைந்ததை அறிந்தவர்க்கு ஹுவானின் பெயரடையே ஒரு வரலாற்றுக் குறிப்பு. எனினும் இவ்விருவரையும் அடைமொழியளவில் நிறுத்திவிட்டு, மரியோனுக்கும் ஃபெர்னாண்டுக்கும் மட்டும் முழு உரு அளித்திருப்பது ஆசிரியரின் குறையே.

முடிவும் அத்துணை நிறைவாக இல்லை. தெருநாய்களைப் பேணும் மரியோன் சீழ்க்கை ஒலியெழுப்ப, நாய்ப்படை திரண்டு கொள்ளையரை வளைக்கிறது. காட்சி களிப்பூட்டுவதுதான், ஆயினும் அதுவரை சிறாரின் கூர்ந்த நோக்கால் நகர்ந்த கதை இங்கே வியப்பின் துணையை நாடிவிடுகிறது. மரியோனின் நாய்ப்பற்று தொடக்கத்திலிருந்தே ஊன்றப்பட்டிருப்பதால் இதனைத் தெய்வச் செயலாகிய முடிவு என்று கடிய முடியாது என்பது மட்டும் ஆறுதல்.

இப்புதினத்தின் மிக நுட்பமான இடம் மர்மத்துக்கு வெளியே உள்ளது. பன்னிரண்டு வயதைக் கடந்தோர்க்குக் குழுவில் இடமில்லை என்பது காபி வகுத்த விதி. அவ்வயதில் மனிதர் மந்தமாகிவிடுகின்றனர் என்பது அவன் துணிபு. அவ்வெல்லை இப்போது அவனையே நெருங்குகிறது. ஆகவே அதனைப் பதினான்காக உயர்த்திக்கொள்ள அவன் கமுக்கமாக முடிவு செய்திருக்கிறான். குழுவில் எவரும் அறியாத இந்த மறைபொருளைத் துப்பறிய ஒருவரும் முயல்வதில்லை. ஆசிரியரும் அதனை நகைச்சுவையாக ஓரிரு தொடரில் சொல்லிக் கடந்துவிடுகிறார்.