தனித்துக் கற்றலும் இரு செய்நிரல் நூல்களும்: ஒரு நோக்கு

கணினி விஞ்ஞானப் பட்டம் பயிலும் மாணவர் தாமாகவே செய்நிரல் எழுதக் கற்பது தொடர்பாக இரு நிலைப்பாடுகள் நம்மிடையே நிலவுகின்றன. விரிவுரையே போதுமென்பது ஒன்று. விரிவுரை வேண்டியதே இல்லை என்பது மற்றையது. இவற்றைச் சீர்தூக்குவதற்கு, அத்துறையிற் பெருவழக்குப் பெற்ற இரு நூல்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். கலைப்பீட மாணவன் இதிற் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். ஆயின் நூலொன்று தன் வாசகனை எவ்வாறு உருவாக்குகின்றது என்பது எல்லாத் துறைக்கும் பொதுவான வினாவாகும்.

முதலாவது, பிரையன் கேர்னிகன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1978 இல் வெளியிட்ட 'சி செய்நிரலாக்க மொழி'. இந்நூல் ஒரு வாழ்த்துத் தொடரை அச்சிடும் சிறு செய்நிரலோடு தொடங்குகின்றது. அடுத்து வருவது பரனைற்று வெப்பநிலையைச் செல்சியசுக்கு மாற்றும் அட்டவணை. 1988 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் இது முழுவெண்களாற் கணிக்கப்படுகின்றது. 5 ஐ 9 ஆல் முதலில் வகுத்தால் பின்னம் வெட்டுண்டு பூச்சியமே எஞ்சும். ஆதலின் முதலிற் பெருக்குக என்கின்றனர் ஆசிரியர். பின்னர் அதே அட்டவணையை வேறொரு சுழற்சிக் கூற்றினாலும், எண்களுக்குப் பெயரிட்டும் மீள எழுதிக் காட்டுகின்றனர். எழுதியதைத் திருத்தி எழுதுதலே கற்றல் என்பதை உபதேசமின்றி உணர்த்துவது இந்நூலின் சிறப்பு எனலாம்.

எனினும் இதன் முன்னுரை ஊன்றி நோக்கத்தக்கது. மாறி, சுழற்சி, சார்பு என்பவற்றை வாசகன் ஓரளவு அறிந்தவன் என அது கொள்கின்றது. புதியவனுக்கு விடயமறிந்த சகபாடி ஒருவரின் துணை உதவும் என்றும் கூறுகின்றது. தனித்துக் கற்போர் போற்றும் நூலே தனிமையைப் பரிந்துரைக்கவில்லை!

இரண்டாவது, ஹரோல்ட் ஏபெல்சனும் ஜெரால்ட் சஸ்மனும் ஜூலி சஸ்மனோடு எழுதி 1985 இல் வெளிவந்த 'கணினிச் செய்நிரல்களின் அமைப்பும் பொருள்கோடலும்'. மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் அறிமுகப் பாடநெறியிலிருந்து எழுந்தது இது. ஒன்று முதல் ஓர் எண்வரை பெருக்கிக் காணும் இரு செய்முறைகளை இந்நூல் அருகருகே வைக்கின்றது. இரண்டிலும் தன்னையே அழைக்கும் சார்பு உண்டு. ஆயின் ஒன்றில் முடிவுறாப் பெருக்கல்கள் சங்கிலியாய் நீள்கின்றன. மற்றையதில் யாவும் சில மாறிகளுள் அடங்கிவிடுகின்றன. விடை சரியாக வந்தவுடன் எழுந்து செல்லும் சுயகல்வியாளன் இவ்வேறுபாட்டைத் தானே காண்பது அரிது. அதேவேளை, இந்நூலின் உதாரணங்கள் பல கணிதஞ் சார்ந்தவை. அப்பயிற்சியற்றோரை அவை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. இக்குறையை மறைத்தல் திறனாய்வாகாது.

முதல் நூல் கையைப் பழக்குகின்றது. இரண்டாவது கண்ணைத் திறக்கின்றது. கைப்பழக்கமற்ற பட்டதாரியும் கண் திறவாத சுயகல்வியாளனும் ஒரே குறையின் இரு முகங்களே.

இங்கு நமக்கே உரிய இடரொன்றும் உண்டு. பாடசாலைக் கல்வியைத் தமிழில் முடித்து வருபவன் இந்நூல்களை அணுகுமுன் ஆங்கிலத்தைக் கடந்தாக வேண்டும். இரண்டாவது நூலின் 1996 ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும் கிடைத்தல் வேறு, எட்டுதல் வேறு. அத்தகையவனை நோக்கி 'நீயே கற்றுக்கொள்' என்பது, இரு சுமைகளை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு விலகுவதாகும். முன்னுரை குறித்த அந்தச் சகபாடியாக மூத்த மாணவர் ஒவ்வொருவரும் அமைவரேல், தனித்துக் கற்றல் சிலரின் சாதனையாக நில்லாது பலரின் உரிமையாகும்.