டிக்கெட்டும் துரும்பும்

"உங்க சிலோன் கல்யாணத்துல கேக் வெட்டுவீங்க, சாப்பிடுவீங்க, போயிடுவீங்களாமே? கெஸ்டுக்கு ஒரு கேம்கூடக் கிடையாதா சார்?" சென்னையில் ஒரு திருமண வரவேற்பில் இப்படிக் கேட்டவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. கையில் தம்போலா டிக்கெட் வைத்திருந்தார். விருந்தாளியாகப் போன இடத்தில் வாதாட முடியாது, சிரித்து வைத்தேன். அங்கே விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

டிக்கெட்டைக் குறை சொல்ல மாட்டேன். 27 கட்டம், மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாக 15 எண். ஆறு டிக்கெட்டை முறையாக அச்சடித்தால் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒவ்வொரு தரம் மட்டும் வந்துவிடும். நல்ல கணக்கு. அந்த வீட்டார் மூலையில் மணமக்கள் படமும் போட்டிருந்தார்கள். மைக் பிடித்த பெண் எண்களைக் கூவினாள். முதலில் ஐந்து எண் அடித்தவருக்குப் பரிசு, அந்தப் பரிசுக்குப் பெயர் 'ஜல்தி ஃபைவ்'. தமிழ்க் கலியாணத்தில் ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. என் தமிழைக் கேட்டு "மலையாளமா சார்?" என்றவர்கள் நடுவில் அதைக் கேட்பது பொல்லாப்பு. ஆனால் ஆட்டம் நடந்த நேரம் முழுக்க ஒருவரும் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு ஒரு டிக்கெட், தலைக்கு ஒரு பேனா.

யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் விளையாட்டு முதலே தொடங்கிவிடும். பொன்னுருக்கிய மத்தியானம், பலகாரம் சுடும் இரவு, விறாந்தையில் பாய் விரியும், ஒரு கட்டுக் கடுதாசி வரும். 'சீட்டு' என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது மாதாமாதம் காசு கட்டுகிற சீட்டுத்தான். விளையாடுவது கடுதாசி, ஆட்டத்தின் பெயர் முந்நூற்றிநாலு.

இதை விளக்காமல் விட மனம் வரவில்லை. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனமும் சேர 304. முதல் நாலு தாளைப் பார்த்து 160இலிருந்து கேட்கத் தொடங்குவார்கள். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார், தமிழ்நாட்டில் அதைத் துருப்பு என்பார்கள். பிறகுதான் மிச்ச நாலு தாளும் கைக்கு வரும். எதிரே இருப்பவர்தான் கூட்டு. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பொம்பிளையின் தாய்மாமன் கூட்டாக வாய்த்தால், சீதனப் பேச்சில் முகம் முறித்தவர்கள் அரை மணி நேரத்தில் "அந்த ஒன்பதை ஏன் இறக்கினீர்?" என்று சத்தம் போடுவார்கள். சம்பந்திகள் அப்படிச் சத்தம் போட ஒரு சாட்டு வேண்டும். தம்போலா அதைத் தராது.

இந்தியாவில் இல்லையா என்றால், கேரளத்தில் இருக்கிறது. அங்கே ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, நாலு இனமும் சேர 28. அதே கவிழ்த்த துரும்பு. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவது கேட்கவே நல்ல பகிடி. இந்த ஒற்றுமை ஒல்லாந்தர் வழி வந்ததோ என்னவோ, அவர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தையும் 1663இல் கொச்சியையும் பிடித்தார்கள். அவர்களுடைய கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பில் பெரிய தாள்கள் ஜாக்கியும் ஒன்பதுமே. மலையாளிகளின் 28 விரலில் எண்ணிவிடலாம், வசதிதான். பதினொன்றையும் முப்பதையும் மனதால் கூட்டிக்கொண்டே வெற்றிலை போடுகிறவர்களுக்கு அந்த வசதி தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு நலங்கு இருக்கிறது. மணமக்கள் எதிரெதிரே அமர்ந்து தேங்காய் உருட்டுவதும், ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் நொறுக்குவதும், பெண்கள் கேலியாகப் பாடுவதும் வீடியோவில் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் கணையாழி எடுத்தல் அதற்குப் பக்கத்தில் நிற்காது. மஞ்சள் தண்ணீரில் போட்ட மோதிரத்தை இரண்டு கையும் துழாவும், தோழி ஒருத்தி சிரிப்பாள், அதற்குள் ஐயர் அடுத்த கிரியைக்குப் போய்விடுவார். இதை எழுதியதற்கு ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் நலங்கில் விளையாடுவது மணமக்கள்தான். விருந்தாளி வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே.

இதுவரை எழுதியதை என் மச்சாள் வாசித்தாள்.

"அத்தான், அந்தத் தம்போலாவிலை பொம்பிளையளும் இருந்து விளையாடினவையோ?"

"ஓம், சின்னப் பிள்ளையளும்."

"அப்ப அது நல்ல விளையாட்டுத்தான். நீங்கள் துரும்பு கேட்ட இரவெல்லாம் நாங்கள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலை இருந்தனாங்கள்."

இதற்கு என்னிடம் துரும்பு இல்லை. தேத்தண்ணி கொண்டுவரும் சாட்டில் நாலு பேர் கையையும் பின்னால் நின்று பார்த்தே அவள் ஆட்டம் பழகினாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்போது ரொறன்ரோவில் மகள் வீட்டில் சனிக்கிழமைகளில் பாய்க்குப் பதில் சாப்பாட்டு மேசையில் அவளும் உட்காருகிறாள். 200க்குக் கீழே கேட்பதில்லை. என்னைக் கூட்டுச் சேர்ப்பதும் இல்லை.